கழற்றி மாட்டும் கடிகாரம்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஸ்மார்ட்வாட்ச் ரிப்பேர் பற்றி இரண்டே பத்திதான் எழுதினேன். அதற்கப்புறம் ராமநாதபுரம் கடைக்கு வருகிறவர்களும் சரி, கடிதம் போடுகிறவர்களும் சரி, வேறு எதையும் கேட்க மாட்டேன் என்கிறார்கள். தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர் ஐந்து பக்கக் கடிதத்தோடு மாதிரி வாட்ச் ஒன்றையும் டப்பாவில் போட்டு அனுப்பிவிட்டார். அதனால் இந்த முறை பாதி இடம் அவருக்கே போகிறது. மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கேள்விகளும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கின்றன.

கேள்வி: அண்ணே, சென்னையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கடலோர மக்களுக்கு என்று ஒரு மாடுலர் ஸ்மார்ட்வாட்ச் செய்கிறோம். நடுவில் வாட்ச், வாரில் ஐந்து துண்டுகள்: ஜிபிஎஸ், கூடுதல் பேட்டரி, டார்ச், இதயத்துடிப்பு, வெப்பநிலை. வேண்டியதை மாட்டிக்கொள்ளலாம், வேண்டாததைக் கழற்றிவிடலாம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15 படகுகள் கடலுக்குப் போகும்போது வெளியிட ஆசை. இப்போது போய் நான்கு மாற்றங்கள் பேச்சில் இருக்கின்றன. துண்டுகளை இரண்டாகக் குறைப்பது, துண்டுகளை இணைக்கிற சின்ன உலோகப் பின்களை மாற்றுவது, பக்கத்துப் பட்டன்களை எடுத்துவிட்டு முழுக்கத் தொடுதிரை ஆக்குவது, கனத்தில் 2 மில்லிமீட்டர் குறைப்பது. எங்களுக்குள் ஒரே சண்டை. எதைச் செய்யலாம், எதை விடலாம்?
— ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, முதலில் மன்னிப்பு. நீங்கள் பஞ்சு சுற்றிப் பத்திரமாக அனுப்பிய மாதிரியை நான் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிட்டேன். பாம்பனிலிருந்து மீன் கொண்டுவரும் வேன்காரரிடம் சொல்லி ஒரு கேன் தென்கடல் தண்ணீர் வாங்கிவைத்து, ராத்திரி முழுக்க வாட்ச் தண்ணீருக்குள், காலையில் எடுத்துத் துடைக்காமல் கடை வாசலில் வெயிலில் காயப்போட்டு, சாயங்காலம் திரும்ப உள்ளே. கடலுக்குப் போகிறவர் கை அப்படித்தானே இருக்கும், நனையும், காயும், மறுபடி நனையும். ஒன்பதாம் நாள் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தேன். துண்டு மாட்டியிருந்த இடங்கள் ஓரளவு தப்பித்திருக்கின்றன. எதுவும் மாட்டாமல் காலியாக விட்ட மூன்றாவது இடத்தில் பிளஸ் பின் மேல் பச்சைக் களிம்பு. ஊசியால் சுரண்டினால் பொலபொலவென்று உதிர்கிறது, தங்க முலாம் போய் அடியில் செம்பு தெரிகிறது, அழுத்தினால் உள்ளே போகிற அந்த ஸ்பிரிங் பின், திரும்ப வெளியே வரவில்லை. பக்கத்திலேயே இருக்கிற மைனஸ் பின் புதுக்கருக்கு மாறாமல் இருக்கிறது.

உங்கள் சண்டைக்குப் பாதி பதில் இந்த ஒரு பின்னில் இருக்கிறது. காலி இடத்துப் பின்களிலும் பேட்டரி மின்சாரம் எந்நேரமும் வந்து நிற்கும்படி வைத்திருக்கிறீர்கள். உப்புத் தண்ணீர் பட்டதும் இரண்டு பின்னுக்கும் நடுவே மின்சாரம் ஓடுகிறது. பள்ளிக்கூடத்து மின்னாற்பகுப்பு ஞாபகம் இருக்கிறதா, அதேதான், பிளஸ் பக்கத்து உலோகம் கரைந்துபோகும். தங்க முலாம் என்பது பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட இருக்காது, அதில் ஊசித்துளை ஒன்று இருந்தாலே அடியில் இருக்கிற நிக்கலையும் செம்பையும் உப்பு தின்றுவிடும். கரைக்கு வந்து காய்ந்தால் நின்றுவிடும் என்றும் நினைக்காதீர்கள், கடலுப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வெள்ளையாகக் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே கசிந்துகொண்டே இருக்கும்.

ஆக, பின் மாற்றம் கட்டாயம் செய்ய வேண்டியது. அதற்காகக் கம்பியில்லா இணைப்புக்கு இப்போதே தாவ வேண்டாம். சுருள், அதற்கான பலகை, சூடு என்று அது வேறு வாட்ச், இரண்டாம் பதிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்குப் பின்களுக்குப் போகிற மின்சாரத்தை ஒரு சின்ன சுவிட்ச் சிப்பால் நிறுத்திவையுங்கள், துண்டு மாட்டி அது ‘நான்தான்’ என்று அடையாளம் சொன்ன பிறகுதான் மின்சாரம் திறக்க வேண்டும். பிளஸ்ஸையும் மைனஸையும் பக்கத்து வீடாக வைக்காமல் இரண்டு ஓரத்துக்குத் தள்ளுங்கள். காலி இடத்தை மூட ரப்பர் ரிங்கோடு ஒரு வெறும் துண்டு பெட்டிக்குள்ளேயே கொடுங்கள், தனியாக விற்கப் பார்க்காதீர்கள், யாரும் வாங்க மாட்டார்கள்.

அடுத்து துண்டுகளைக் குறைப்பது. செய்யுங்கள், இரண்டாவது தடவை யோசிக்காமல் செய்யுங்கள். ஐந்து இடம், இடத்துக்கு ஆறு பின், மொத்தம் முப்பது. இரண்டானால் பன்னிரண்டு. நீங்கள் லீவுக்கு வரும்போது கடந்து வருகிற புதுப் பாம்பன் ரயில் பாலத்தையே பாருங்கள். 1914இல் திறந்த பழைய பாலத்தை அரிப்பு தின்று தின்று 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் திறந்த புதுசில் துருப்பிடிக்காத கம்பி போட்டு, தனிப் பெயின்ட் பூசி, இணைப்புகளை எல்லாம் முழுக்க வெல்டிங் செய்திருக்கிறார்கள். ஆனாலும் கப்பல் போக வேண்டுமே, அதற்காக 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரே ஒரு துண்டை மட்டும் தூக்கி இறக்கும்படி வைத்திருக்கிறார்கள். எங்கே அசைய வேண்டுமோ அங்கே மட்டும் அசைவு, மற்ற இடமெல்லாம் ஒட்டு. உங்கள் வாட்சில் அசைய வேண்டிய இடம் எது என்று நால்வரும் உட்கார்ந்து பேசினீர்களா, இல்லை ஐந்து என்றால் விளம்பரத்தில் நன்றாக இருக்கும் என்று போட்டீர்களா? கடிதத்தைப் படித்தால் எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது.

என்னைக் கேட்டால் பேட்டரியும் ஜிபிஎஸ்ஸும் மட்டும் போதும். லித்தியம் பேட்டரி சுமார் 500 தடவை ஏற்றி இறக்கினால் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், தினமும் சார்ஜ் போடுகிறவருக்கு அது ஒன்றரை வருஷக் கணக்கு, அதனால் மாற்ற முடிய வேண்டியது அது. ஜிபிஎஸ் எல்லோருக்கும் வேண்டாம், வேண்டியவருக்கு ரொம்ப வேண்டும், மின்சாரத்தையும் குடிக்கும், அதனால் அது தனியாக இருப்பது நியாயம். டார்ச்சுக்குப் படகில் தலைவிளக்கு இருக்கிறது. இதயத்துடிப்பு சென்சார் மணிக்கட்டோடு ஒட்டி வாட்சின் அடியில் இருந்தால்தான் ஒழுங்காக அளக்கும், வாரில் ஆடிக்கொண்டு இருந்தால் ஏதோ ஒரு எண் காட்டும். வெப்பநிலைத் துண்டு உங்கள் கைச் சூட்டைத்தான் காட்டும், கடலையோ காற்றையோ அல்ல.

பட்டன்களை எடுப்பதா? வேண்டவே வேண்டாம். தொடுதிரை வேலை செய்வது விரலின் மின்தேக்கத்தை வைத்து. உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தால் அதையும் விரல் என்று நினைக்கும், நனைந்த விரலைக் கண்டுகொள்ளவும் செய்யாது. வலை இழுத்துக்கொண்டிருக்கும் கை எப்போது காய்ந்திருந்தது? இரண்டு பட்டன், ரப்பர் ரிங் போட்டு, விரலுக்குத் தெரிகிற மாதிரி மேடாக. வாட்சின் பிளாஸ்டிக் உடம்பை வார்க்கிற அச்சு விஷயமும் இருக்கிறது. பட்டன் ஓட்டையை அச்சில் இன்று அடைப்பது எளிது, ஆறு மாதம் கழித்து ‘ஐயோ பட்டன் வேண்டும்’ என்றால் அச்சில் பக்கவாட்டில் நகர்கிற ஸ்லைடு என்ற பாகத்தைப் புதிதாகச் செய்யச் சொல்வார்கள், அதற்கு ஆகும் செலவை உங்கள் அச்சுக்காரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அதே மாதிரி அச்சின் இரும்பைச் செதுக்கினால் பிளாஸ்டிக் தடிக்கும், அது சுலபம். பிளாஸ்டிக்கை மெலிய வைக்க அச்சில் இரும்பைச் சேர்த்தாக வேண்டும், அது தலைவலி. சந்தேகம் உள்ள அளவுகளை எல்லாம் முதலில் மெலிவாக வைத்து, பிறகு தேவைப்பட்டால் செதுக்கிக்கொள்ளலாம் என்று அச்சுக்காரர்கள் சொல்வது இதற்காகத்தான்.

கனத்தைக் குறைப்பதற்கும் பட்டனுக்குச் சொன்ன அதே ‘வேண்டாம்’தான். 5 மில்லிமீட்டர் பேட்டரியில் 2 மில்லிமீட்டர் போனால் நூற்றுக்கு நாற்பது போச்சு. ரப்பர் ரிங் உட்காரும் பள்ளமும் ஆழம் குறையும். மெலிந்த வாட்ச் மாலில் விற்கும், மண்டபம் படகு ஜெட்டியில் விற்காது.

அப்புறம் தேதி. ஸ்மார்ட்வாட்சுக்கு பிஐஎஸ் என்கிற இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம், பேட்டரிக்குத் தனிப் பதிவு, புளூடூத்துக்கு ரேடியோ அலைகளைக் கவனிக்கிற அரசுப் பிரிவான டபிள்யூபிசியின் ஒப்புதல். நீங்கள் பேட்டரியையோ ஆன்டெனா பக்கத்து உலோகத்தையோ தொட்டால் சோதனை, காகிதம் என்று மறுபடி அலைய வேண்டியிருக்கும். ஜூன் 15 தவறினால் தவறட்டும். தடைக்காலம் முடிந்த முதல் வாரம் யார் வாட்ச் வாங்கப் போகிறார்கள்? டீசலுக்கும் ஐஸுக்கும் வலைக்கும் கடன் வாங்கிக்கொண்டு நிற்கிற நேரம் அது. அந்த நாட்களில் ஒரு ஐம்பது வாட்சை ‘வெளியீடு’ என்று சொல்லாமல் உங்கள் ஊர்க்காரர்கள் கையிலேயே கட்டிவிடுங்கள். ஒரு கச்சான் (தென்மேற்கு) காற்றுக் காலம் முழுக்கப் போட்டுப் பார்க்கட்டும். ஆய்வகத்தில் 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரியில் இடைவிடாமல் தெளித்துப் பார்ப்பார்கள், அதையும் செய்யுங்கள், ஆனால் நனைந்து காய்ந்து நனைகிற சோதனை அது இல்லை. காரைக்குடியில் இருக்கிற செக்ரி என்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் அரிப்பைச் சோதிக்கப் பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? இங்கே இருக்கிற காற்றுக்காகத்தான். ஒரு நடை போய்க் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் அம்மா தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்குவார். காலையில் போனால் வருகிறவரைக்கும் எங்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். இந்த மாதிரி வாட்ச் கட்டிவிட்டால் அவர் எங்கே இருக்கிறார் என்று போனில் பார்க்க முடியுமா?
— ஒரு மகள், பாம்பன்

பதில்: முடியாது தங்கச்சி, ஏமாற்ற விரும்பவில்லை. ஜிபிஎஸ்ஸும் புளூடூத்தும் தண்ணீருக்குள் போகாது, கடல் தண்ணீரில் சில சென்டிமீட்டரிலேயே அடங்கிவிடும். அம்மா மேலே வந்து மூச்சு வாங்கும்போது வாட்சுக்குத் தன் இடம் தெரியும், ஆனால் அதை உங்கள் போனுக்கு யார் கொண்டுவந்து சேர்ப்பது? அதற்கு சிம்மும் டவரும் வேண்டும், தீவுகளுக்கு வெளியே டவரை நம்ப முடியாது.

ஆனால் உங்கள் கடிதத்தைத் தங்கச்சிமடத்துத் தம்பிக்கு அப்படியே அனுப்பப் போகிறேன், காரணம் இருக்கிறது. நான் கடைக்கு வரும் பெண்களுக்கு வார் வெட்டிக் கொடுக்கிறவன், 15 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மணிக்கட்டு சாதாரணம். அவருடைய வாட்ச் 4.6 சென்டிமீட்டர். துண்டு ஒவ்வொன்றும் 2 சென்டிமீட்டர், ஐந்தும் மாட்டினால் 10. கூட்டினால் 14.6, கொக்கிக்கு மிச்சம் 4 மில்லிமீட்டர். அதாவது ஐந்து துண்டு வாட்ச் உங்கள் அம்மா கையில் பூட்டவே பூட்டாது. நான்கு இளைஞர்கள் தங்கள் கையில் கட்டிப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் சரி என்று முடிவு செய்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, இது சின்ன விஷயம் இல்லை. துண்டு துண்டாக விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கிற வார், கடலடிப் பாறைக்குள் கையை விட்டுப் பாசியைப் பிய்க்கும்போது சிக்கிக்கொள்ளும். மூச்சைப் பிடித்திருக்கிறவருக்கு அரை நிமிஷச் சிக்கல் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முங்குகிறவர்களுக்கு விளிம்பில்லாத ஒரே நீளத் துணி வார், ஒட்டி எடுக்கிற மாதிரி. பலமாக இழுத்தால் வாட்ச் போனாலும் கை விடுபட வேண்டும். அம்மாவுக்கு இப்போதைக்கு அதிர்ந்து நேரம் சொல்கிற சாதாரண 5 ஏடிஎம் (தண்ணீர் அழுத்தம் தாங்குகிற அளவு) வாட்ச் ஒன்றை அப்படிப்பட்ட ஆரஞ்சு வாரில் கட்டிவிடுங்கள். இத்தனை மணிக்குக் கரை திரும்ப வேண்டும் என்று கையில் தட்டிச் சொன்னால் அதுவே பெரிய உதவி. சேர்ந்து போகிற நான்கைந்து பேர் மேலே தலைகளை எண்ணிக்கொள்கிறார்களே, அதற்கு ஈடாக எந்த வாட்சும் இன்னும் வரவில்லை.

கேள்வி: காக்கா (அண்ணே), துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த ஸ்மார்ட்வாட்ச், ஐபி68 என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. கடலில் இரண்டு தடவைதான் குளித்தேன், சார்ஜ் ஏறவில்லை. சர்வீஸ் சென்டரில் ‘தண்ணீர் போயிருக்கிறது, வாரண்டி கிடையாது’ என்று கையை விரித்துவிட்டார்கள். ஐபி68 என்றால் தண்ணீர் போகாது என்றுதானே அர்த்தம்?
— கீழக்கரை வாசகர்

பதில்: அர்த்தம் அதுதான், ஆனால் எந்தத் தண்ணீர் என்பதில் விஷயம் இருக்கிறது. முதல் எண் 6 தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம். 8 என்றால் அதைவிடக் கடுமையாக, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்லலாம். அத்தனையும் ஆடாமல் அசையாமல் நிற்கும் நல்ல தண்ணீரில், புது வாட்சை வைத்து. 5 ஏடிஎம் என்று போட்டிருந்தாலும் 50 மீட்டர் முங்கலாம் என்று பொருள் இல்லை, 50 மீட்டர் ஆழத்து அழுத்தத்தைச் சும்மா உட்கார்ந்து தாங்கும் என்று மட்டும்தான். அலையில் கையை வீசி அடித்தால் கணக்கு வேறு. வெயிலில் நின்ற காரிலிருந்து சுடச்சுட எடுத்துக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று சட்டென்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும், இது பலருக்குத் தெரிவதில்லை.

உங்கள் வாட்சில் உள்ளே தண்ணீர் போயிருக்கவே வேண்டியதில்லை. பின்பக்கம் சார்ஜ் புள்ளிகளில் பச்சையாகவோ கறுப்பாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். ஈரத்தோடு சார்ஜரில் வைத்திருப்பீர்கள், தம்பியின் பாட்டிலில் நடந்ததுதான் அங்கேயும் நடந்திருக்கும். கடலிலிருந்து வந்தால் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு சார்ஜ். அரிசியில் புதைக்காதீர்கள், உப்பு அரிசிக்குப் போகாது.

பெட்டியிலோ விளம்பரத்திலோ கடலில் நீந்துகிற படம் போட்டு விற்றிருந்தால் விட வேண்டாம். இந்தியாவில் வாங்கியிருந்தால் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் சொல்லலாம், நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணமே கிடையாது. மச்சான் துபாயில் வாங்கியதுதான் இடிக்கிறது. பில் அங்கே, வாட்ச் இங்கே.

கேள்வி: கழற்றி மாட்டும் போன், கழற்றி மாட்டும் வாட்ச் என்று பத்து வருஷமாகப் பேசுகிறார்கள். ஏன் ஒன்றும் நிலைக்கவில்லை?
— பொறியியல் மாணவர், ராமநாதபுரம்

பதில்: நல்ல கேள்வி. 2013இல் மோட்டோரோலா ‘ப்ராஜெக்ட் ஆரா’ என்று அறிவித்தது, பிறகு அது கூகுள் கைக்குப் போனது. திரை, பிராசசர், பேட்டரி என்று எல்லாமே கழற்றி மாட்டலாம் என்றார்கள். 2016 மே மாதம் வந்து பார்த்தால் திரை, பிராசசர், பேட்டரி எல்லாம் சட்டத்தோடு ஒட்டிவிட்டன, கேமரா, ஸ்பீக்கர் மாதிரி சிலது மட்டும்தான் கழன்றது. அதே வருஷம் செப்டம்பரில் திட்டத்தையே மூடினார்கள். எல்ஜி ஜி5 போனில் அடிப்பாகத்தை உருவி வேறு துண்டு செருகலாம், அதுவும் 2016, அடுத்த மாடலில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். வாட்சில் ‘பிளாக்ஸ்’ என்று லண்டன் கம்பெனி ஒன்று, தம்பி செய்கிற மாதிரியேதான், வாரின் கண்ணி ஒவ்வொன்றும் ஒரு துண்டு. 2015இல் மக்களிடம் முன்பணம் திரட்டுகிற கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் கேட்டதற்குப் பல மடங்கு பணம் கொட்டியது. வருஷக்கணக்கில் தள்ளித் தள்ளிப்போய் 2019இல் கம்பெனி மூடப்பட்டது. பெபிள் டைம் வாட்சின் சார்ஜ் புள்ளியிலேயே வாரை இணைக்க வழி விட்டிருந்தார்கள், வேறு யாராவது வார் செய்வார்கள் என்று காத்திருந்தார்கள், பெரிதாக யாரும் வரவில்லை, 2016 முடிவில் பெபிளும் இல்லை.

இவர்கள் எல்லாம் முட்டாள்களா என்ன? துண்டுகளுக்கு நடுவே இருக்கும் இணைப்பு இடத்தைத் தின்னும், மின்சாரத்தைத் தின்னும், விலையைக் கூட்டும். அதே காசுக்கு எல்லாம் உள்ளேயே இருக்கிற மெல்லிய வாட்ச் அடுத்த வருஷம் கடைக்கு வந்துவிடும். மேம்படுத்திக்கொள்ளலாம் என்று வாங்கினவர் துண்டு வாங்கக் காத்திருக்க மாட்டார், புதுசே வாங்கிவிடுவார். ஆனால் ஃபேர்போன் என்கிற போன் கம்பெனிக்காரர்களைப் பாருங்கள், 2015இலிருந்து கழற்றி மாட்டுவதை ரிப்பேருக்காகத்தான் வைத்திருக்கிறார்கள், இன்றைக்கும் விற்கிறார்கள். உடைந்ததை மாற்ற யாருக்கும் ஆசையூட்ட வேண்டியதில்லை, உடைந்துவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும். ஐரோப்பாவில் 2027 பிப்ரவரியிலிருந்து கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாங்கினவரே கழற்ற முடிய வேண்டும் என்று சட்டம் வருகிறது, தண்ணீரில் புழங்குவதற்கென்றே செய்த சாதனங்களுக்கு மட்டும் ரிப்பேர்காரர் கழற்றினால் போதும் என்று விலக்கு. எங்கள் தொழிலுக்கும் ஒரு வாசல் விட்டு வைத்திருக்கிறார்கள், சந்தோஷம்.

கேள்வி: விசைப்படகு வைத்திருக்கிறேன். கையில் ஜிபிஎஸ் வாட்ச் இருந்தால் எல்லைக்கோடு நெருங்கும்போது சொல்லுமா? படகில் இருக்கிற ஜிபிஎஸ் இருந்தும் பிடிபடுகிறோமே.
— மண்டபம்

பதில்: சொல்ல வைக்கலாம். 1974லும் 1976லும் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தங்களில் கோட்டின் புள்ளிகள் எழுதியே இருக்கின்றன, அவற்றை வாட்சில் ஏற்றி, இவ்வளவு தூரத்தில் அதிரு என்று சொன்னால் அதிரும். ராத்திரி எஞ்சின் சத்தத்தில் கேபினில் இருக்கும் பெட்டியின் பீப் காதில் விழாது, கையில் அதிர்ந்தால் தெரியும், அந்த மட்டில் நல்லது. ஆனால் படகு கோட்டைத் தாண்டுவது ஜிபிஎஸ் தெரியாததால் மட்டும்தானா என்று உங்களுக்கே தெரியும். மீன் எந்தப் பக்கம் இருக்கிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறது, எஞ்சின் நின்றால் என்ன ஆகும், இதெல்லாம் வாட்ச் தீர்க்கிற சங்கதி இல்லை.

தம்பி இதைப் ‘பாதுகாப்புக் கருவி’ என்று விளம்பரம் செய்யாமல் இருந்தால் நல்லது. வாட்ச் செயற்கைக்கோளைக் கேட்கும், பேசாது. இஸ்ரோ செய்து படகுகளில் பொருத்துகிற டிரான்ஸ்பாண்டர் இரண்டு பக்கமும் செய்தி அனுப்பும், ஆபத்து என்றால் பட்டனை அழுத்தலாம். அதைக் கழற்றி வைத்துவிட்டு வாட்சை நம்பிப் போகாதீர்கள். கடலோரக் காவல் படையின் 1554ஐயும் போனில் எல்லோர் பெயருக்கும் மேலே வையுங்கள்.

கேள்வி: என் வாட்சில் தமிழில் மெசேஜ் வந்தால் ‘கொ’ என்ற எழுத்து பிய்ந்து, கால் ஒரு பக்கம் கொம்பு ஒரு பக்கமாகக் கிடக்கிறது. சரி செய்ய முடியுமா?
— தேவிபட்டினம்

பதில்: கடையில் வைத்து நான் சரி செய்ய முடியாது, அது சாஃப்ட்வேர். ‘கொ’வில் கொம்பு எழுத்துக்கு முன்னால், கால் பின்னால், ஆனால் கணினிக்கு வருகிற வரிசை வேறு. அதை அடுக்கித் தருவதற்கு ஒரு சின்ன நிரல் வேண்டும், உங்கள் வாட்சில் அதைப் போடவில்லை. அப்டேட் வந்தால் சரியாகும், வருமா என்று கம்பெனியைத்தான் கேட்க வேண்டும்.

தங்கச்சிமடத்துத் தம்பி, இதையும் படித்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்வேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது சரிதான், நான் பின்னையும் பட்டனையும் பற்றி இவ்வளவு பேசியதும் அவற்றை விற்ற பிறகு தொட முடியாது என்பதால்தான். ஆனால் தமிழ் எழுத்துருவுக்கும் அந்த அடுக்கும் நிரலுக்கும் மெமரியில் இடம் இல்லையென்றால் அப்டேட்டை எங்கே போய் ஏற்றுவீர்கள்? மெமரி சிப்பை ஒரு அளவு பெரிதாகப் போடுகிற முடிவு இன்றைக்கு எடுக்க வேண்டியது. திரையையும் வண்ண ஜாலமாக வைக்காமல், வெயில் பட்டால் இன்னும் தெளிவாகத் தெரிகிற பிரதிபலிப்பு வகை கிடைத்தால் பாருங்கள். தனுஷ்கோடி மணலில் நண்பகலில் நின்று படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மகன் கேட்கிறான். அந்தத் தங்கச்சிமடத்து வாட்சை வாங்கித் தரலாமா? ஒரே வரியில் சொல்லவும்.
— உச்சிப்புளி

பதில்: இன்னும் கடைக்கே வரவில்லை ஐயா. வந்தால் பெட்டியைத் திறந்து, காலி இடத்தை மூடுகிற வெறும் துண்டு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அப்படியே கல்லாவில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒரே வரியில் அடங்கவில்லை, மன்னிக்கவும். என் பாட்டிலில் இருக்கிற வாட்ச் இன்றோடு பதினாறு நாள், மூன்றாவது இடம் போய்விட்டது, நேரம் மட்டும் இன்னும் சரியாகக் காட்டுகிறது.